கிருமி நுழையாத எலிக்கூடம்: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வுத் திட்டம் ஒப்புதலாகிவிட்டது, நிதியும் வந்துவிட்டது, "மூன்று மாதத்தில் எலிகள் வேண்டும்" என்று ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார். ஆய்வுக்கான சுண்டெலிகளை வளர்க்கும் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அந்த நிலையில் இருப்பவருக்காகவே இதை எழுதுகிறேன். கிடைக்கும் கையேடுகள் எல்லாம் ஏற்கெனவே இந்த வேலையில் ஊறியவர்களுக்காக எழுதப்பட்டவை. கருவி விற்பவர்கள் தரும் குறிப்புகளோ, எந்தச் சிக்கலுக்கும் இன்னொரு கருவியைத் தீர்வாகச் சொல்பவை. இரண்டுக்கும் நடுவே திண்டாடிய பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: கிருமி பெரும்பாலும் காற்றில் பறந்து வருவதில்லை. வெளியிலிருந்து வாங்கிய எலியோடு வருகிறது. எலிக்குள் செலுத்தும் உயிரணுக்களோடு வருகிறது. வேறொரு கூண்டைத் தொட்ட கையோடு வருகிறது. உங்கள் நேரமும் பணமும் முதலில் இந்த மூன்று வழிகளை அடைக்கப் போகட்டும்.

1. எந்தக் கிருமி கூடாது என்று எழுதி வையுங்கள்

"சுத்தமான எலி" என்று ஒன்று கிடையாது. குறிப்பிட்ட சில கிருமிகள் இல்லாத எலி உண்டு. எந்த நுண்ணுயிருமே இல்லாத எலியும் உண்டு. முதல் வகையை எஸ்.பி.எஃப். என்பார்கள். பெரும்பாலான ஆய்வுகளுக்கு அதுவே போதும். இரண்டாம் வகையை ஐசொலேட்டர் போன்ற, வெளிக்காற்று படாமல் முழுக்க மூடிய பெட்டிக்குள் வைத்தால்தான் அது அப்படியே இருக்கும். குடல் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வு இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். செலவும் உழைப்பும் பல மடங்கு.

எஸ்.பி.எஃப். என்ற மூன்றெழுத்துக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே பட்டியல் கிடையாது. புதிதாக வருபவர்கள் ஏமாறும் முதல் இடம் இது. ஒரு கூடத்தின் எஸ்.பி.எஃப். இன்னொரு கூடத்தில் தனிமைப்படுத்தலைத் தாண்டாது. உங்கள் கூடம் எவற்றை அனுமதிக்காது என்பதை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். ஆய்வக விலங்கு அறிவியலுக்கான ஐரோப்பிய அமைப்பான ஃபெலாசா 2014இல் வெளியிட்ட பரிந்துரைகள் இதற்கு நல்ல தொடக்கம். சுண்டெலி ஹெபடைடிஸ் வைரஸ், பார்வோ வைரஸ்கள், ரோட்டா வைரஸ், தைலர் வைரஸ், செண்டாய் வைரஸ், மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ், கீரிப்பூச்சிகள், ரோமத்தில் வாழும் சிற்றுண்ணிகள் ஆகியவை ஏறக்குறைய எல்லாருடைய பட்டியலிலும் இருக்கும்.

சிலவற்றை உங்கள் ஆய்வைப் பொறுத்துத்தான் முடிவு செய்ய முடியும். சுண்டெலி நோரோ வைரஸ் மிகப் பரவலானது. அதை விலக்காமலே நன்றாக இயங்கும் கூடங்கள் நிறைய உண்டு. ஹெலிகோபாக்டர் சாதாரண எலியில் பெரிதாக எதுவும் செய்யாமல் இருக்கலாம். ஆனால் அழற்சியை அடக்கும் ஐ.எல்.-10 மரபணு நீக்கப்பட்ட எலியில் அது குடல் அழற்சியைத் தூண்டும். ரோமமில்லாத நியூட் எலிகள் உங்களிடம் இருந்தால், தோலைச் செதிலாக்கும் கோரினிபாக்டீரியம் போவிஸ் என்ற பாக்டீரியாவையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள எலிகளுக்கு, நுரையீரலைத் தாக்கும் பூஞ்சையான நிமோசிஸ்டிஸ் உயிரையே பறிக்கும். எல்லாவற்றையும் விலக்குகிறேன் என்று வீரமாக எழுதாதீர்கள். எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் ஆண்டு முழுக்கப் பரிசோதனைக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்; பாசிட்டிவ் வந்தால் நடவடிக்கையும் எடுத்தாக வேண்டும்.

2. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முதல் ஊசி போட வேண்டிய தேதியைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பெட்டியில் வந்து இறங்கிய எலி பயணக் களைப்பிலிருந்து மீண்டு புதிய இடத்துக்குப் பழக மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். அதற்கு முன் எடுத்த அளவீட்டை நம்ப முடியாது. நம்பகமான வளர்ப்பு நிறுவனத்திலிருந்து வந்தால் இவ்வளவோடு முடியும். வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தால் தனிமைப்படுத்தலுக்கு நான்கு முதல் எட்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்த எலியிடம் உங்கள் பட்டியலில் உள்ள கிருமி இருந்தால் கருவைப் பிரித்தெடுத்துச் சுத்தமான வாடகைத் தாய்க்கு மாற்ற வேண்டும். கர்ப்பம் மூன்று வாரம், பால்குடி மறக்க மூன்று வாரம், அதன் பிறகு தாயைப் பரிசோதித்து முடிவு வரும்வரை காத்திருப்பு. எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். பிறந்த குட்டிகளில் மரபணு ஒற்றைப் பிரதியாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு இரட்டைப் பிரதி வேண்டும் என்றால் இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும். குட்டி பருவமடைய ஆறு முதல் எட்டு வாரம், கர்ப்பம் மூன்று, பால்குடி மூன்று. ஆக மேலும் மூன்று மாதம். ஆய்வகத் தலைவர் கேட்ட மூன்று மாதம் எங்கே நிற்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்.

அறையே புதிது என்றால், ஆய்வு எலிகளை இறக்குவதற்கு முன் சில பரிசோதனை எலிகளை அங்கே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வாழவிட்டுச் சோதிப்பது நல்லது. அந்த இடைவெளியில் பணியாளர்களும் பழகிவிடுவார்கள்.

3. காகிதங்களை முதலில் நகர்த்துங்கள்

கட்டடம் தயாராகட்டும், பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தால் வெறும் அறைக்கு மின்கட்டணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். எல்லா நாடுகளிலும் விதிகள் ஒரே மாதிரி இல்லை; ஆனால் கேட்கப்படும் காகிதங்களின் வகை பெரும்பாலும் ஒன்றுதான்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலாவது. குழு நினைத்த நாளில் கூடாது. அதன் கூட்டத் தேதிகளையும், விண்ணப்பம் சேர வேண்டிய கடைசி நாளையும் முன்பே கேட்டு வாங்குங்கள். எலிகளின் எண்ணிக்கையைக் கேட்கும்போது இனப்பெருக்கத்தில் பிறந்து, தேவையான மரபணு இல்லாததால் ஒதுக்கப்படும் குட்டிகளையும், உடல்நலக் கண்காணிப்புக்கான காவல் எலிகளையும் சேர்த்துக் கேளுங்கள். இதை விட்டுவிட்டுப் பாதியில் திருத்த விண்ணப்பம் போடுபவர்கள்தான் அதிகம்.

மரபணு மாற்றப்பட்ட எலி என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் தனியாக வேண்டும். வேறு நிறுவனத்திலிருந்து எலி வருகிறது என்றால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் உண்டு. அறிவியலர்கள் இருவரும் ஒரே மின்னஞ்சலில் சம்மதித்துவிடுவார்கள். இரு பக்கத்துச் சட்டப் பிரிவுகளும் ஒரு வாக்கியத்துக்காக மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். எனவே இதை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள். எல்லை தாண்டி வந்தால் இறக்குமதி அனுமதியும் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழும் தேவை. சான்றிதழுக்குக் காலாவதி உண்டு; விமானத் தேதி தள்ளிப்போனால் அதுவும் செல்லாது. பெட்டி, பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் உயிர் விலங்கு விதிமுறைப்படி இருக்கிறதா, காற்று வடிகட்டி உள்ள பெட்டிதானா என்று அனுப்புபவரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

4. அறை, காற்று, அழுத்தம்

வெப்பநிலை 20 முதல் 26 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம், அறைக் காற்று மணிக்குப் பத்து முதல் பதினைந்து முறை மாற வேண்டும். அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் வெளியிட்ட வழிகாட்டியின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பை ஒட்டி உலகெங்கும் புழங்கும் எண்கள் இவை. இவற்றைப் பொறியாளரிடம் கொடுத்துவிடலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது அழுத்தம். சுத்தமான அறையின் காற்றழுத்தம் நடைபாதையைவிட அதிகமாக இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் காற்று வெளியே தள்ள வேண்டும். தனிமைப்படுத்தல் அறைக்கு நேர்மாறு. அங்கே காற்று உள்ளே இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நடைபாதையில் எதிரெதிராக வைத்துவிட்டு, ஒரு அறையின் கதவை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தால், காகிதத்தில் வரைந்த அழுத்தம் எல்லாம் காகிதத்திலேயே இருக்கும். ஒவ்வொரு கதவுக்கும் அழுத்தமானி பொருத்தி, அளவைத் தினமும் எழுதும் பொறுப்பை ஒருவர் பெயரில் போடுங்கள்.

சுவரும் தரையும் சேரும் மூலை, குழாய் சுவருக்குள் நுழையும் துளை, விளக்கின் விளிம்பு என எல்லா இடுக்குகளும் அடைபட்டிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காட்டு எலியும் கரப்பானும் அந்த வழியாகத்தான் வருகின்றன. கட்டி முடித்தவர்களிடம் இறுதித் தொகை கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். பிறகு கூப்பிட்டால் வர மாட்டார்கள்.

5. கூண்டைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வழிகள் உண்டு. மேல்மூடியில் வடிகட்டி வைத்த சாதாரணக் கூண்டு மலிவு. ஆனால் உள்ளே அமோனியா சேரும், வாரந்தோறும் மாற்ற வேண்டும். தனித்தனியாகக் காற்றோட்டம் கொண்ட ஐ.வி.சி. அடுக்குகளில் ஒவ்வொரு கூண்டுக்கும் ஹெபா என்ற நுண்வடிகட்டி வழியாக வந்த காற்று போகும். மணிக்கு 50 முதல் 75 முறை மாறும். பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூண்டை மாற்றினால் போதும். மூன்றாவது, ஐசொலேட்டர்.

பெரும்பாலானவர்கள் ஐ.வி.சி. வாங்குவீர்கள், சரியான முடிவுதான். ஆனால் வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். காற்றை ஊதும் விசிறி நின்றுபோனால் கூண்டுக்குள் இருக்கும் எலி எவ்வளவு நேரம் தாங்கும்? இறுக மூடும் கூண்டில் மின்சாரம் போனால் எலி மூச்சுத் திணறிவிடும். சில வடிவமைப்புகளில் மூடியில் இயல்பாகக் காற்று புகும் வடிகட்டி இருக்கும். மற்றவற்றுக்கு மாற்று மின் ஏற்பாடும், நள்ளிரவிலும் ஒருவரின் கைபேசியை அலற வைக்கும் எச்சரிக்கை மணியும் கட்டாயம். இரண்டாவது, வடிகட்டிகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதன் விலை என்ன? மூன்றாவது, வெளியேறும் காற்றின் தூசி ஓரிடத்தில் சேரும்படி அடுக்கு அமைந்திருக்கிறதா? இந்தக் கேள்வி ஏன் என்பது எட்டாவது படியில் தெரியும். கூண்டிலேயே தூசியை வடிகட்டிவிடும் அடுக்கு என்றால் அந்த வழி உங்களுக்கு அடைபட்டுவிடும்.

ஐ.வி.சி.யில் காற்று வேகமாக ஓடுவதால் சுண்டெலிக்குக் குளிரும். நமக்கு இதமாக இருக்கும் 22 டிகிரி அதற்குக் குளிர்காலம். ஆகவே கூடு கட்டக் காகித இழையை 8 முதல் 10 கிராம் வரை தாராளமாகக் கொடுங்கள். நல்ல கூடு கட்டிய தாய் குட்டிகளையும் நன்றாகக் காப்பாற்றும்.

6. உள்ளே போகும் பொருள்கள்

அட்டைப்பெட்டி எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போகக் கூடாது. அது எந்தக் கிடங்கில் யார் மேல் ஏறி வந்தது என்று யாருக்கும் தெரியாது.

தீவனத்தில் இரண்டு தேர்வுகள். கதிர்வீச்சால் கிருமி நீக்கி, காற்றை உறிஞ்சி மூடிய பையில் வருவது ஒன்று. எஸ்.பி.எஃப். எலிகளுக்கு 25 கிலோகிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவும், நுண்ணுயிரே இல்லாத எலிகளுக்கு 50 கிலோகிரே அளவும் வழக்கம். இன்னொன்று ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவியில் வேகவைப்பது. வெப்பத்தில் தயமினும் வைட்டமின் ஏயும் சிதைந்துவிடும் என்பதால், அதற்கென்றே கூடுதல் வைட்டமின் சேர்த்த தீவனத்தைத்தான் வாங்க வேண்டும். சாதாரணத் தீவனத்தை ஆட்டோகிளேவில் போட்டு, பல மாதம் கழித்து இனப்பெருக்கம் ஏன் குறைந்தது என்று தேடிய கூடங்கள் உண்டு. கதிர்வீச்சுத் தீவனம் விலை கூடுதல். ஆனால் ஆட்டோகிளேவ் நேரம், ஆள் நேரம், கல்லாக இறுகிப்போய் எலி கடிக்க மறுக்கும் துண்டுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் சிறிய கூடத்துக்கு அதுவே லாபம். பையின் வெளிப்புறம் கிருமியுள்ளது என்பதை மறக்காதீர்கள். உள்ளேயும் வெளியேயும் கதவு கொண்ட கைமாற்றுப் பெட்டியில் வைத்துக் கிருமிநாசினி தெளித்து, அதன் புட்டியில் சொல்லியிருக்கும் நேரம் முழுவதும் ஈரமாக இருக்க விட வேண்டும். தெளித்தவுடன் துடைத்தால் தெளித்ததற்கே பொருளில்லை.

எந்தக் கிருமிநாசினி என்பதும் முக்கியம். ஆல்கஹாலைத் தெளித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைத்தான் எங்கும் பார்க்கிறேன். அது ஸ்போர்களையும் (சில பாக்டீரியாக்கள் எடுக்கும் கடினமான உறங்குநிலை வடிவம்) கீரிப்பூச்சி முட்டைகளையும் ஒன்றும் செய்யாது. பார்வோ வைரஸ் போன்ற உறையில்லாத வைரஸ்களிடமும் நம்ப முடியாது. குவாட்டர்னரி அம்மோனியம் கலவைகளும் அப்படியே. குளோரின் டை ஆக்சைடு, பெராசெட்டிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவற்றில் ஒன்றை உங்கள் கூடத்தின் முதன்மைக் கிருமிநாசினியாக வையுங்கள். அழுக்கு இருந்தால் எதுவும் வேலை செய்யாது. முதலில் கழுவ வேண்டும்.

தண்ணீரை ஆட்டோகிளேவ் செய்யலாம், அல்லது பி.எச். 2.5 முதல் 3.0 வரை அமிலமாக்கலாம். அமிலத் தண்ணீர், தண்ணீரில் வளரும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை அடக்கும். ஆனால் குடல் நுண்ணுயிர்களையும் மாற்றும் என்பதால், எந்தத் தண்ணீர் கொடுத்தீர்கள் என்பதை ஆய்வுக் கட்டுரையில் எழுத வேண்டும். நடுவில் மாற்றவும் கூடாது. மரச்சீவலும் கூண்டும் புட்டியும் இருபக்கக் கதவுள்ள ஆட்டோகிளேவ் வழியாக மட்டுமே போகட்டும். நிறம் மாறும் ஒட்டுநாடா வெப்பம் பட்டதை மட்டும்தான் சொல்லும். கிருமி செத்ததைச் சொல்லாது. வெப்பத்தைத் தாங்கும் ஜியோபாசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர் அடங்கிய சோதனைக் குப்பியை, சுமையின் நடுவில், நீராவி நுழையச் சிரமப்படும் இடத்தில் புதைத்து வைத்து அவ்வப்போது சோதியுங்கள்.

7. எலி வரும் வழி

அதிகப் பொறுமை தேவைப்படும் படி இது. அனுப்பும் கூடத்திடம் உடல்நல அறிக்கை கேளுங்கள். "எல்லாம் சுத்தம்" என்ற ஒருவரிக் கடிதம் அறிக்கை ஆகாது. கடந்த ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரையிலான எல்லாச் சுற்றுகளின் முடிவும் வேண்டும். படிக்கும்போது நான்கு விஷயங்களைத் தேடுங்கள். அறிக்கை உங்கள் எலி இருக்கும் அதே அறைக்குரியதா, அல்லது அதே கட்டடத்தின் வேறு அறைக்குரியதா? எந்தக் கிருமிகள் சோதிக்கப்படவே இல்லை? சோதிக்காததும் இல்லாததும் அட்டவணையில் பார்க்க ஒரே மாதிரி வெறுமையாக இருக்கும். எத்தனை எலிகளைச் சோதித்தார்கள்? எந்த முறையில்?

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், திறந்த கூண்டுகளில் நூற்றுக்கு முப்பது எலிகளுக்குத் தொற்று இருந்தால், அவற்றில் ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு பிடிக்க ஒன்பது எலிகளைச் சோதிக்க வேண்டும். நூற்றுக்குப் பத்து என்றால் இருபத்தொன்பது. ஐ.வி.சி.யில் தொற்று ஒரு கூண்டைத் தாண்டாமல் இருப்பதால் விகிதம் அதைவிடவும் குறைவாக இருக்கும். இரண்டே எலிகளைச் சோதித்து நெகட்டிவ் என்று எழுதிய அறிக்கையின் மதிப்பு என்னவென்று நீங்களே பாருங்கள்.

வந்த எலிகள் தனிமைப்படுத்தல் அறைக்குப் போகட்டும். அதற்கெனத் தனி ஆடை, தனிக் கருவிகள், முடிந்தால் தனி ஆள். இப்போது பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) வசதி பரவலாகிவிட்டதால் வந்த எலியின் சாணம், வாய், ரோமம் ஆகியவற்றிலிருந்தே மாதிரி எடுத்து வந்த வாரத்திலேயே ஒருமுறை பார்த்துவிடலாம். நெகட்டிவ் வந்தாலும் காத்திருப்பைக் குறைக்காதீர்கள். சில வாரம் கழித்து இரண்டாவது முறை பாருங்கள். நோயெதிர்ப்பு இல்லாத எலியிடம் எதிர்ப்பொருள் சோதனை செய்து நெகட்டிவ் என்று மகிழ்வது வீண். அந்த உடலால் எதிர்ப்பொருளை உருவாக்கவே முடியாது.

உயிருள்ள எலியை வரவழைப்பதைவிட உறைய வைத்த விந்தணுவையோ கருவையோ வரவழைப்பது பல சமயங்களில் மலிவு, விரைவு, பாதுகாப்பு. இதை அனுப்புபவரிடம் முதல் கடிதத்திலேயே கேளுங்கள்.

எலியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது எலிக்குள் போகும் பொருள். கட்டி உயிரணுக்கள், சீரம், எலித் திசுவிலிருந்து எடுத்த கூழ்மங்கள் என எதுவும் பி.சி.ஆர். சான்று இல்லாமல் உள்ளே போகக் கூடாது. எலி வழியாகப் பலமுறை கடத்தப்பட்ட கட்டிகளில் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியை உயர்த்தும் வைரஸ் ஒளிந்திருப்பது இந்தத் துறையில் பழைய கதை. 1990களில் அமெரிக்காவில் சுண்டெலி சீரம் வழியாக எக்ட்ரோமீலியா, அதாவது எலியம்மை, ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்தது. எலிகளை ஆறு வாரம் தனிமைப்படுத்திவிட்டுப் பக்கத்து ஆய்வகம் கொடுத்த உயிரணுவைக் கேள்வி கேட்காமல் ஊசியில் ஏற்றுவது, கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கும் வேலை.

8. மனிதர்களும் கைகளும்

உடை மாற்றுதல், தொப்பி, முகமூடி, கையுறை, காலுறை எல்லாம் உங்களுக்குத் தெரியும். முகமூடி எலிக்காக மட்டுமல்ல. எலிச் சிறுநீரில் இருக்கும் புரதங்கள் மனிதருக்கு ஒவ்வாமையைத் தூண்டும். ஆண்டுகள் போகப்போக அது ஆஸ்துமாவாகவும் மாறலாம். அதனால் பணியாளர்களின் உடல்நலப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள்.

ஒரே நாளில் பல அறைகளுக்குப் போவதென்றால் வரிசை மாறக் கூடாது. நோயெதிர்ப்பற்ற எலிகள் முதலில், பிறகு சாதாரண எஸ்.பி.எஃப்., கடைசியில் தனிமைப்படுத்தல் அறை. அங்கே போனவர் அன்று திரும்பி உள்ளே வரக் கூடாது. பேனாவை மறந்து வைத்துவிட்டாலும் சரி. வீட்டில் எலி, வெள்ளெலி வளர்ப்பவர்களைப் பணியில் சேர்க்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாம்பு வளர்ப்பவர்களிடமும் கேளுங்கள். தீனி எலிகள் அந்த வீட்டுக்கு வருகின்றன.

கூண்டு மாற்றும் வேலையைச் சுத்தக் காற்று மேடையில்தான் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே கூண்டுதான் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கூண்டுக்கும் இடையில் கையுறையும் இடுக்கியும் கிருமிநாசினியில் நனைய வேண்டும். இரண்டு இடுக்கிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்று ஊறும் நேரத்தில் மற்றொன்று வேலை செய்யும். அவசரத்தில் இரண்டு கூண்டுகளைச் சேர்த்துத் திறப்பவர் யார் என்று நீங்கள் முன்னால் நிற்கும்போது தெரியாது. மாலை நேரத்தில், வேலை முடியும் தறுவாயில் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

உள்ளே கிருமி புகுந்ததா என்பதை அறிய இரண்டு வழிகள். பழைய வழி காவல் எலிகள்: மற்ற கூண்டுகளின் அழுக்கு மரச்சீவலில் ஒரு பிடி எடுத்து இவற்றின் கூண்டில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் போட்டு, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதிப்பது. சாணம் வழியாகப் பரவும் கிருமிகளுக்கு இது நன்றாக வேலை செய்யும். மூச்சுக்காற்று வழியாகப் பரவும் செண்டாய் வைரஸையும், ரோமச் சிற்றுண்ணிகளையும் பெரும்பாலும் தவறவிடும். காவல் எலியின் இனவழியும் முக்கியம். ஆய்வகங்களில் பரவலான சி57 பிளாக் 6 என்ற இனவழி எலி சில பார்வோ வைரஸ்களுக்கு எதிர்ப்பொருளைச் சரியாகக் காட்டாது என்பதால், நெருங்கிய உறவுக் கலப்பில் வளர்க்காத சுவிஸ் வகை எலிகளை வையுங்கள்.

புதிய வழி, அடுக்கிலிருந்து வெளியேறும் காற்றின் தூசியைத் துடைத்தெடுத்துப் பி.சி.ஆர். செய்வது. எலிகளைக் கொல்ல வேண்டியதில்லை, சிற்றுண்ணிகளையும் பிடிக்கும். குறை ஒன்று உண்டு: போன ஆண்டு இருந்து ஒழிந்த கிருமியின் மரபணுத் துணுக்கும் தூசியில் தங்கியிருந்து பாசிட்டிவ் காட்டலாம். எனவே புதிய அடுக்கைச் சோதித்துப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். காற்றுவழியை ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் சுத்தம் செய்யுங்கள். சோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முழுப்பட்டியல் ஆண்டுக்கு ஒருமுறை என்பது பரவலான நடைமுறை.

9. செலவுக் கணக்கில் விடுபடுபவை

கூண்டும் அடுக்கும் ஒருமுறைச் செலவு. எல்லாரும் அதைத்தான் கணக்கிடுகிறார்கள். உங்களை முடக்குவது தினச்செலவு. ஒரு கூண்டின் ஒருநாள் செலவைக் கண்டுபிடியுங்கள்: தீவனம், மரச்சீவல், கையுறை, முகமூடி, கூண்டு கழுவும் தண்ணீரும் மின்சாரமும், ஆள் சம்பளம், வடிகட்டி மாற்று, ஆட்டோகிளேவ் பராமரிப்பு, பரிசோதனைக் கட்டணம், தனிமைப்படுத்தல் அறை காலியாக இருக்கும்போதும் ஓடும் காற்றுச் சாதனம் என எல்லாம் சேர வேண்டும். இவற்றில் ஆள் சம்பளமே பெரும்பாலும் முதலிடம். வாரக் கடைசியிலும் விடுமுறை நாளிலும் ஒவ்வொரு கூண்டையும் யாராவது பார்த்தாக வேண்டும். அந்தக் கூடுதல் ஊதியத்தைத் திட்ட அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை. யாரும் பயன்படுத்தாத இனவழிகளை வெறுமனே வளர்த்துக்கொண்டிருப்பது அடுத்த பெரிய ஓட்டை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூண்டுப் பட்டியலை ஆய்வாளர்களுக்கு அனுப்பி, எது வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள்.

10. பாசிட்டிவ் வந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் வரும். முதல் முடிவை வைத்து எலிகளைக் கொல்லாதீர்கள். அதே மாதிரியை மறுபடி சோதித்து, அதே அடுக்கின் வேறு எலிகளிடமும் பாருங்கள். ஆனால் உறுதிப்படும்வரை காத்திராமல் அன்றே அந்த அறையிலிருந்து எலியோ கருவியோ வெளியேறுவதை நிறுத்துங்கள். வருகை வரிசையில் அந்த அறையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

உறுதியானால் கிருமியைப் பொறுத்து வழி மாறும். சுண்டெலி ஹெபடைடிஸ் வைரஸ் நல்ல நோயெதிர்ப்புள்ள எலியிடம் சில வாரமே தங்கும். இனப்பெருக்கத்தை நிறுத்தி, புது எலி எதையும் சேர்க்காமல் ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்தால் தானே அணைந்துவிடக்கூடும். நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள எலிகளில் அது அணையாது. கீரிப்பூச்சிக்கு ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து கலந்த தீவனம் உண்டு. பல வாரம் கொடுக்க வேண்டும், கூடவே முட்டை ஒட்டிய பரப்புகளையும் கழுவ வேண்டும். மருந்து ஆய்வு முடிவைப் பாதிக்கலாம் என்பதால் ஆய்வாளர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்வோ வைரஸ் வந்தால் மருந்து கிடையாது: எலிகளை அகற்றி, அறையை ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் சுத்தம் செய்து, கருமாற்றத்தின் வழியாக மறுபடி தொடங்க வேண்டும்.

கருமாற்றத்துக்குக் கையில் கரு இருக்க வேண்டும். வேறெங்கும் வாங்க முடியாத இனவழி ஒவ்வொன்றின் விந்தணுவையோ கருவையோ, கூடம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைய வைத்து, ஒரு பகுதியை வேறு கட்டடத்தில் உள்ள நைட்ரஜன் தொட்டியில் வையுங்கள். எந்தக் குழாய் எந்தத் தொட்டியில், எந்தத் தட்டில் என்ற பட்டியல் கூடத்துக்கு வெளியேயும் ஒரு பிரதி இருக்கட்டும். உறைய வைத்ததில் ஒரு குழாயை உருக்கி, கரு உருவாகிறதா என்று அந்த மாதமே சோதித்துப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள்.